முப்பத்தோரு சாமானும் ஒரு டப்பாவும்

என் வீட்டுக்காரருக்கு லிஸ்ட்டுன்னா உசுரு. குடோன்ல லாரிக்குச் சரக்கு ஏத்துற இடத்துல இருபது வருஷமா செக்கரா இருக்காரு. கையில ஒரு காகிதம், காதுல ஒரு பென்சில். காகிதத்துல இல்லாத பெட்டி லாரியில ஏறாது, அவ்வளவுதான். அதே பென்சிலோட சனிக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கே ஹால்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. எதிர்ல எங்க பொண்ணோட முதுகுப் பை. பொண்ணுக்குப் பதினோரு வயசு, ஆளு இத்தனூண்டுதான், அதனால எங்களுக்கு அவ சுண்டு. ஸ்கவுட் கேம்ப்புக்கு ஒரு வாரம் போறா. கேம்ப்லருந்து வந்த லிஸ்ட்ல முப்பத்தோரு சாமான்.

"காலுறை ஏழு ஜோடி."

"இருக்குப்பா."

"எங்க? காட்டு."

"அடியில இருக்குப்பா. அம்மா வச்சாங்க."

"நான் பாக்கலையே."

கொட்டிட்டாரு! முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இடுப்பு ஒடிய நான் மடிச்சு அடுக்கின பையைத் தலைகீழா பிடிச்சுத் தரையில கொட்டிட்டாரு. டார்ச் லைட், மழைக்கோட்டு, தகரத் தட்டு, நைலான் கயிறு, துண்டு ரெண்டு, நீச்சல் டிரஸ், எல்லாம் ஹால் பூரா. எனக்கு வந்துச்சே கோபம்! எனக்கு மூக்கு மேல கோபம்னு இந்தத் தெருவே சொல்லும். சொல்லட்டுமே, எனக்கென்ன. ஆனா வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கலகலன்னு சத்தம் போட்டுக்கிட்டு உருண்டு போய் சோபா காலுல முட்டி நின்னுச்சு. என் கோபம் அப்படியே தொண்டைக்குள்ள இறங்கிப் போச்சு.

"இது என்ன? லிஸ்ட்ல இல்லையே."

"விட்டமின். சப்பி சாப்பிடுறது. மிட்டாய் மாதிரி."

"மருந்து மாத்திரை எதுவும் பையில வைக்கக் கூடாது, டீச்சர் கையில குடுக்கணும்னு போட்டிருக்கு பாரு. இருபத்தெட்டாம் நம்பருக்குக் கீழ, தடிச்ச எழுத்துல."

"விட்டமின் மருந்தாங்க? வைங்க உள்ள."

அவரு என்னையும் டப்பாவையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம், "அவளோட நிஜ மாத்திரையும் டாக்டர் லெட்டரும் டீச்சர்கிட்ட குடுத்தாச்சுல்ல?"ன்னாரு.

"வியாழக்கிழமையே குடுத்தாச்சு."

குடுக்கல. அவ மாத்திரைதான் அந்த விட்டமின் டப்பாக்குள்ள இருந்துச்சு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏழு நாளைக்குப் பதினாலு, கூட நாலு. லெட்டர் என் கைப்பைக்குள்ள மடிச்சபடி இருந்துச்சு.

சுண்டுக்கு வலிப்பு உண்டு. எட்டு வயசுல ஆரம்பிச்சது. கடைசியா வந்து பதினாலு மாசம் ஆச்சு. தினமும் ராத்திரி மாத்திரையைக் கையில குடுத்துட்டு, "இன்னைக்கு ஏதாவது இருந்துச்சா?"ன்னு கேப்பேன். "ஒண்ணுமில்லம்மா"ன்னுவா. பதினாலு மாசமா அதே பதில். டாக்டரே அதைக் கேட்டுட்டுத்தான், "கேம்ப்புக்குத் தாராளமா போகட்டும். ஆனா மாத்திரை நேரத்துக்குப் போடணும், தண்ணில இறங்கினா கை எட்டுற தூரத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும், கூட இருக்கற எல்லாருக்கும் விஷயம் தெரியணும்"னு லெட்டர் எழுதிக் குடுத்தாரு.

போன வருஷமும் இதே மாதிரி லெட்டர் குடுத்தாரு. ஃபாரத்துல "உடல்நலக் குறைவு ஏதாவது உண்டா?"ன்னு கேட்ட இடத்துல நான் யோக்கியமா "உண்டு"ன்னு எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்துச்சு, அடுத்த வருஷம் பாக்கலாம்னு. நாற்காலிக் காலுல ஆறு மாசமா ஸ்கவுட் முடிச்சுப் போட்டுப் பழகின பொண்ணு அவ. பஸ் கிளம்புற அன்னைக்கு, டாட்டா காட்டிட்டு வரேன்னு ஸ்கூல் கேட்டு வரைக்கும் போய் நின்னுட்டு வந்தா. அழல. மூணு நாள் யாரோடயும் பேசல. எனக்கு வயிறு எரிஞ்சுது. சளி பிடிச்ச புள்ளையைக் கூட்டிட்டுப் போவாங்க, கை உடைஞ்ச புள்ளையைக் கூட்டிட்டுப் போவாங்க, என் புள்ளைன்னா மட்டும் கசக்குதா?

அதனால இந்த வருஷம் "இல்லை"ன்னு எழுதினேன்.

நான் வேலை பாக்குறது ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல. ஒரு மருந்தை இன்னொரு மருந்தோட டப்பால போடக் கூடாதுங்கறதுதான் அங்க முதல் பாடம். அவசரத்துல அப்படிப் போட்ட ரெண்டு பொண்ணுங்களை நானே வார்த்தையால கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கேன். அதே கையால விட்டமினைக் குப்பையில கொட்டிட்டு, இந்த மாத்திரையை எண்ணிப் போட்டு மூடினேன். வீட்டுக்காரருகிட்ட மூச்சு விடல. சொன்னா அடுத்த நிமிஷமே ஃபாரத்தைத் திருத்தி எழுதணும்னு ஒத்தைக் கால்ல நிப்பாரு.

சுண்டுகிட்ட மட்டும் சொன்னேன். நாலு நாள் ஒத்திகை வேற.

"என்ன மாத்திரைன்னு யாராவது கேட்டா?"

"விட்டமின்."

"எதுக்கு?"

"எனக்கு ரத்தம் கம்மி."

"குனியாத. கண்ணைப் பாத்துச் சொல்லு."

முதல் நாள் தடுமாறினா. நாலாம் நாள் தண்ணி பட்ட பாடாயிடுச்சு. கெட்டிக்காரின்னு கன்னத்தைக் கிள்ளிக்கூட விட்டேன்.

பஸ் பத்து மணிக்கு. ஸ்கூல் மைதானத்துல முப்பது புள்ளைங்க, முப்பது பை, அறுபது பெத்தவங்க, ஒரே இரைச்சல். நடுவுல ஸ்கவுட் டீச்சர். கழுத்துல எப்பவும் விசில் தொங்குறதால அவங்களுக்குப் பேரே விசில் டீச்சர்தான். ஒரு ஊது ஊதிட்டு, "மருந்து சாப்பிடுற புள்ளைங்களோட அம்மா அப்பா இந்தப் பெட்டியில போட்டு, பேரைச் சொல்லிட்டுப் போங்க"ன்னாங்க. ஒருத்தர் ஆஸ்துமா பம்பைப் போட்டாரு. ஒரு அம்மா தோல் அலர்ஜிக்கு ஏதோ களிம்பு போட்டாங்க. என் வீட்டுக்காரரு ஒரு அடி முன்னால வச்சாரு.

"நம்மளுது ஏற்கெனவே உள்ள இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

அவரு முழங்கையைப் பிடிச்சு இழுத்தேன். "வியாழக்கிழமையே குடுத்தேன்னு எத்தனை தடவை சொல்றது? இந்தக் கூட்டத்துல என் மானத்தை வாங்காதீங்க."

நின்னுட்டாரு. சுண்டு ஜன்னல் வழியா கையை ஆட்டினா. பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பினதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினேன். அவரு சமையலறையில தண்ணி குடிச்சுக்கிட்டே பேசினாரு. வேலை சுத்தமா முடிஞ்சா ஒரு குரல் வரும் அவருக்கு, அந்தக் குரல்.

"கடைசியா ஒரு தடவை செக் பண்ணேன். கரெக்டா முப்பத்தொண்ணு. அந்த விட்டமினை மட்டும் எடுத்து வச்சிட்டேன். அங்க பையைப் பிரிச்சுப் பாத்து லிஸ்ட்ல இல்லாதது இருந்தா புள்ளைக்குத்தானே அசிங்கம்?"

டப்பா ஃபிரிட்ஜ் மேல உக்காந்திருந்துச்சு.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவரு பதறிப்போய் தோளைப் பிடிச்சாரு. எல்லாத்தையும் சொன்னேன். ஃபாரம், லெட்டர், டப்பா, ஒத்திகை. அவரு கத்துவாருன்னு நினைச்சேன். கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவரு சட்டைப் பையிலருந்து கேம்ப் நிகழ்ச்சி நிரலை எடுத்து விரலை ஓட்டினாரு.

"ராத்திரி ஏழு மணி மாத்திரை போச்சு. நாளைக்குக் காலை ஏழு மணியும் போச்சு. எட்டு மணிக்கு ஏரி. நீச்சல் தேர்வு."

ரெண்டு வேளை விட்டாலே வலிப்பு வரலாம்னு டாக்டர் சொன்னது எங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடம். ஏரித் தண்ணிக்குள்ள அவளுக்கு வந்தா, விளையாடுறான்னுதான் மத்தவங்க நினைப்பாங்க. யாருக்கும் தெரியாதே! தெரியாம பாத்துக்கிட்டதே நான்தானே!

டீச்சருக்குப் போன் பண்ணேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. பஸ்ல முப்பது புள்ளைங்க கத்துற சத்தத்துல எந்தப் போன் காதுல விழும்? உண்மையைச் சொல்லிடறேன், எடுக்கலையேன்னு எனக்கு ஒரு அற்ப நிம்மதிகூட வந்துச்சு. பன்னிரண்டரைக்கு பெட்ரோல் பங்க் பக்கத்துல சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்கன்னு நிரல்ல இருந்துச்சு. அவரு கார் சாவியை எடுத்தாரு.

எங்க கார் கிழவி. எழுபதைத் தாண்டினா இருமும். அன்னைக்குத் தொண்ணூறுல விரட்டினாரு. நான் டப்பாவை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் கேட்டாரு: "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"அவ எனக்கும் பொண்ணுதானே."

எதுத்தாப்புல வந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சதுக்கு அவனை ரெண்டு திட்டுத் திட்டினேன். பாவம், அவன் தன் பாட்டுக்குத்தான் போனான்.

பங்க் போர்டு தூரத்துல தெரிஞ்சதும் அவரு வேகத்தைக் குறைச்சாரு. என் முகத்தைப் பாக்காமலே சொன்னாரு: "பேசாம டப்பாவை அவ கையில குடுத்துட்டு வந்துடலாம். விட்டமின் மறந்துட்டான்னு சொல்லிக்கலாம். நீச்சலுக்கு வயித்து வலின்னு அவளே சொல்லிக்கட்டும். இல்லன்னா இங்கயே இறக்கி விட்டுடுவாங்க. போன வருஷம் அவ நின்ன நிலை... என்னால அதை இன்னொரு தடவை பாக்க முடியாது."

லிஸ்ட்டுக்குப் பொறந்த மனுஷன் வாயிலருந்தா இது வருதுன்னு பாத்தேன். கண்ணு ஓரம் சிவந்திருந்துச்சு. நானும் தலையை ஆட்டினேன். ஆமா, ஆட்டினேன். என்னை யோக்கியம்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு. புல்தரையில புள்ளைங்க வட்டமா உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தாங்க. சுண்டு ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல கயித்தை வச்சுக்கிட்டு, "இப்படி இல்ல மக்கு, வளையத்துக்குள்ள விட்டு இழு"ன்னு அதட்டிக்கிட்டிருந்தா. அப்படியே என் குரல். அவ இப்படி நாலு பேருக்கு நடுவுல சத்தமா சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

எங்களைப் பாத்ததும் அவ முகத்துல ஈயாடல. ஓடி வந்தா. நான் டப்பாவை நீட்டினேன். அக்கம் பக்கம் பாத்துட்டு வெடுக்குன்னு வாங்கிப் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டா.

"யாரும் பாக்கல. நீங்க போங்கம்மா, சீக்கிரம் போங்க."

அதுக்குள்ள விசில் டீச்சர் வந்துட்டாங்க. "என்ன இது, ரெண்டு பேரும் பின்னாடியே வந்துட்டீங்க? ஏதாவது பிரச்சினையா?"

நான் வாயைத் திறக்கல. சுண்டு திறந்தா.

"விட்டமின் மறந்துட்டேன் டீச்சர். எனக்கு ரத்தம் கம்மி. எங்கம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம், ஒரு தும்மல் போட்டாக்கூட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க."

கண்ணை நேராப் பாத்து, சிரிச்சுக்கிட்டே சொன்னா. ஒரு சொல் பிசகல. தும்மல் விஷயம் நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, அவளே சேத்துக்கிட்டா. டீச்சரும் சிரிச்சுட்டாங்க. பெத்தவளான எனக்கே ஒரு நொடி அது விட்டமின்தான்னு தோணிடுச்சே! நாளைக்குத் தண்ணிக்குள்ள தலை சுத்தினாலும் இதே சிரிப்போட "ஒண்ணுமில்ல டீச்சர்"னுதானே இவ சொல்லுவா?

"டீச்சர், அது விட்டமின் இல்ல."

"அம்மா!"

"வலிப்பு மாத்திரை. ஃபாரத்துல நான் பொய் எழுதிட்டேன்."

"இல்ல டீச்சர், அம்மா பொய் சொல்றாங்க! எனக்கு ஒண்ணுமில்ல!" புல்தரையில இருந்த புள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. சுண்டு என்னை ரெண்டு கையாலயும் தள்ளினா. அவரு அவளைப் பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

கைப்பையிலருந்து லெட்டரை எடுத்துக் குடுத்தேன். டீச்சர் எங்களைத் தனியா பஸ்ஸுக்குப் பின்பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. முகத்துல கோபம் இருந்துச்சு, நியாயமான கோபம்.

"நாளைக்குக் காலையில இவ தண்ணியில இருந்திருப்பா. நான் கரையில விசில் ஊதிக்கிட்டிருந்திருப்பேன். இதை நினைச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர். பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

டீச்சர் லெட்டரை மடிச்சுத் தன்னோட பாக்கெட்டுல வச்சாங்க. "போன வருஷம் வலிப்புன்னு வந்த ஃபாரத்துக்கு, யாரு புள்ளைன்னுகூடப் பாக்காம வேண்டாம்னு எழுதினது நான்தான். எனக்கும் பயம். ஆனா இதுல பதினாலு மாசமா ஒண்ணுமே வரலன்னு போட்டிருக்கு. சரி, வரட்டும். மாத்திரை என்கிட்ட இருக்கும். தண்ணில இவ பக்கத்துலயே நான் இருக்கேன். கூடாரத்துல இருக்கற புள்ளைங்களுக்கு நானே சொல்லிக்கறேன்."

அவருக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. கும்பிடாத குறைதான். சுண்டு நம்ப முடியாம டீச்சரையே பாத்துக்கிட்டு நின்னா. நான் அந்த இடத்துல நன்றி சொல்லிட்டுக் கார்ல ஏறியிருக்கலாம். என் புள்ளைக்கு வேணுங்கறது கிடைச்சாச்சு. யாருக்கு வரும் அப்படி ஒரு அதிர்ஷ்டம்?

ஆனா அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகல. மண்டி போட்டு உக்காந்து அவ ரெண்டு கையையும் பிடிச்சேன்.

"சுண்டு, பதினாலு மாசமா ஒண்ணுமே வரலதானே?"

"ஒண்ணுமில்லம்மா."

கண்ணை நேராப் பாத்து, குனியாம, ஒரு சொல் பிசகாம சொன்னா. அஞ்சு நிமிஷம் முன்னாடி டீச்சருக்குக் காட்டின அதே முகம். நான் கையை விடல. எவ்வளவு நேரம்னு தெரியல. "நான் திட்ட மாட்டேன்டா தங்கம்"னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. அவ குனிஞ்சா.

"ரெண்டு தடவை."

அவரு பஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டாரு.

"ஒண்ணு ஸ்கூல்ல. ஒண்ணு போன மாசம். சொன்னா டாக்டர் லெட்டர் தர மாட்டாருன்னு..." அதுக்கு மேல அவளால முடியல. என் தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு, போன வருஷத்துக்கும் சேத்து அழுதா.

டாக்டருக்குப் போன் போட்டோம். மாத்திரை அளவை மாத்தணும், திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க, கேம்ப் இப்ப வேண்டவே வேண்டாம்னுட்டாரு. டீச்சரே ஏறிப் பையை இறக்கிக் குடுத்தாங்க. "டாக்டர் சரின்னு சொல்ற அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சுண்டு தலையில கை வச்சுச் சொன்னாங்க. அந்த ரெண்டு பொண்ணுங்களும் கயித்தோட எழுந்து நின்னு பாத்தாங்க. பஸ் கிளம்பிப் போச்சு.

கார்ல பின்சீட்டுல அவ பக்கத்துல உக்காந்தேன். அவரு நாப்பதுல ஓட்டினாரு. ரொம்ப தூரம் போனதுக்கு அப்புறம்தான் எனக்குக் கேக்கத் தைரியம் வந்துச்சு.

"ஸ்கூல்ல வந்தப்ப கூட யாரு இருந்தாங்க?"

"யாருமில்ல. பாத்ரூம்ல இருந்தேன். முழிச்சப்ப தரையில கெடந்தேன். யூனிபாரம் ஈரமாயிடுச்சு. அலசிப் போட்டுக்கிட்டு, காயுற வரைக்கும் வெயில்ல நின்னுட்டு கிளாஸுக்குப் போனேன். லேட்டுன்னு வெளிய நிக்க வச்சாங்க."

அவரு வண்டியை ஓரமா நிறுத்திட்டாரு. ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி அப்படியே உக்காந்திருந்தாரு. எனக்கு அவளை இறுக்கிக் கட்டிக்கறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியல.

"போன மாசம் வந்தது?"

என் புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே சொன்னா:

"அது நம்ம வீட்டுலதாம்மா. நீங்க வெளிய நின்னு பாத்ரூம் கதவைத் தட்டி, உள்ள எவ்வளவு நேரம்டின்னு திட்டிக்கிட்டிருந்தீங்க."